தெரியுது

காப்பித்தூள் தெரிந்ததா இல்லையா, அதைத்தான் கேட்கப் போகிறார்கள், வேறென்னத்தைக் கேட்டுவிடப் போகிறார்கள். தெரிந்தது என்றால் கேஸ் போச்சு. தெரியவில்லை என்றால் பொய், அதுவும் சத்தியம் பண்ணிவிட்டுச் சொல்கிற பொய். கோர்ட் வராந்தாவில் இந்த மரப் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்து தவமணிக்கு இடுப்பே மரத்துப் போய்விட்டது, ஆனால் இந்த ஒரு வார்த்தை மட்டும் உட்கார மாட்டேன் என்கிறது, மண்டைக்குள் எழுந்து எழுந்து நடக்கிறது. தெரியுது. ச்சே, என்ன சனியன் பிடித்த வார்த்தை. வேண்டாம் வேண்டாம் என்றால் ஊரே அதைத்தான் பேசும். பஸ்ஸில் கண்டக்டர், சில்லறை இல்லைன்னு தெரியுதுல்ல, அப்புறம் என்னத்துக்கு நோட்டை நீட்டுறீங்க என்றான். கேட்டில் போலீஸ்காரம்மா, போர்டு வச்சிருக்கே, கண்ணு தெரியலையா, இந்தப் பக்கம் ஜட்ஜ் வர்ற வழி என்றாள். தெரியுது தாயே, கண்ணு நல்லாவே தெரியுது, கண்ணு தெரிஞ்சதுதான் இத்தனை வினையும். வக்கீல் அமலதாஸ் வந்து நின்று, சுற்றும் முற்றும் பார்த்து, குனிந்து சொல்லிவிட்டுப் போனார். "இந்தா பாரும்மா தவமணி, மெடிக்கல் போர்டு சொல்லிட்டா அது வேதவாக்கு கிடையாது. ஏத்துக்கிறதும் தள்ளுறதும் ஜட்ஜ் கையில இருக்கு. ஆனா நீயே 'தெரியுது'ன்னு சொன்னதா ரிப்போர்ட்ல எழுதி வச்சிருக்காங்க பாரு, அதுதான் இடிக்குது. லாரி இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவார். அப்படி நான் சொல்லவே இல்லைன்னு ஒரே போடா போட்டுடு." சொன்னேனே சார் என்றாள். "சொன்னா என்ன, கையெழுத்தா போட்டுக் குடுத்த? ஞாபகமில்லைன்னாவது சொல்லு." ஞாபகமில்லையாம். ஒவ்வொரு ராத்திரியும் அந்த மேஜை, அந்தக் கண்ணாடி பாட்டில்கள், அந்த டாக்டரின் வாட்ச் வரைக்கும் கண் முன்னால் வந்து நிற்கிறது, ஞாபகமில்லையாம். அவள் சரி என்று தலையை ஆட்டினாள். எதற்கெடுத்தாலும் சரி என்று ஆட்டுகிற தலை இது, இந்தத் தலையைத்தான் முதலில் உடைக்க வேண்டும், உடைக்கவும்தான் உடைத்தாயிற்று.

மூக்குதானே என்றார்கள் எல்லாரும். கையா போச்சு, காலா போச்சு, மூக்குதானே, அந்த மூக்கும் மூக்குத்தியோட மூஞ்சியில நல்லா நிக்குதே, போனது வாசனைதானே. புருஷன் ராசாங்கத்தின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மசாலா மில்லுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், செங்கல் லாரி உரசியதில் மல்லாக்க விழுந்தாள், பின்மண்டை தார் ரோட்டில் மோதியது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு ஒரு தையல்கூட இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து, தலைக்கு வந்தது இத்தோட போச்சுன்னு நினைச்சுக்கத்தா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆரஞ்சை உரிக்கும்போதுதான் முதல்முதலாக என்னவோ இடறியது. தோலைக் கிள்ளினால் கண்ணில் சாறு தெறிக்கிறது, எரிகிறது, ஆனால் ஆரஞ்சு வரவில்லை. யாரோ ஆரஞ்சுப் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. வார்டு முழுக்க டெட்டாலால் துடைத்துக்கொண்டு போகிறார்கள், டெட்டாலும் வரவில்லை. சளி என்று நினைத்தாள். ஒரு வாரம் நினைத்தாள், ஒரு மாதம் நினைத்தாள். பிறகு காது மூக்கு டாக்டர் ஒருத்தரிடம் ராசாங்கம் கூட்டிப்போனான், அவர்தான், அடி பின்னாடி பட்டாலும் மூளை முன்னாடி போய் மோதியிருக்கு, மூக்கு நரம்பெல்லாம் நூல் மாதிரிம்மா, அறுந்துபோச்சு, இதை ஒட்டவைக்க முடியாது என்றார். நல்ல மனுஷன், உள்ளதைச் சொன்னார். மற்றவர்கள் யாரும் உள்ளதைக் கேட்கக்கூடத் தயாரில்லை. எனக்கும் கொரோனால போச்சு, பதினஞ்சு நாள்ல வந்துருச்சு, நீ ஆவி பிடி. எங்க மச்சினிக்கும் கொரோனால போச்சு, நொச்சி இலை போட்டு ஆவி பிடிச்சா, இப்ப பக்கத்துத் தெருவுல கருவாடு வறுத்தாக்கூட கண்டுபிடிச்சுடுறா. ஆவி பிடித்துப் பிடித்து மூஞ்சி வெந்ததுதான் மிச்சம். கேட்டால் கோபம் வருகிறதாம் தவமணிக்கு, மூக்கு மேல கோபமாம். வேறு எங்கே இருக்கும் கோபம், அங்கேதான் இடம் காலியாகக் கிடக்கிறது.

உள்ளே யாருடைய பேரையோ கூப்பிட்டார்கள். எழுந்தாள், அவள் பேர் இல்லை, உட்கார்ந்தாள். பெஞ்சில் பக்கத்திலிருந்த அம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். எதற்குத் தள்ளி உட்காருகிறாள். தவமணிக்கு நெஞ்சு திக்கென்றது. இதுதான், இந்தத் திக்குதான் தினமும். காலையில் குளித்தாள், சோப்பு போட்டாள், மஞ்சள் தேய்த்தாள், ரவிக்கை துவைத்ததுதான், ஆனால் காய்ந்ததா, அரை ஈரத்தில் முக்கல் வாடை அடிக்குமே, அது அடிக்கிறதோ. பையில் தயிர்சாதம் இருக்கிறது, புளித்து நாறுகிறதோ. செருப்பில் எதையாவது மிதித்துவிட்டாளோ. மெதுவாகக் காலைத் திருப்பி அடியைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. முன்னெல்லாம் இதற்கு ஒரு நொடி ஆகாது. இப்போது தன் உடம்பைத் தானே துப்புத் துலக்க வேண்டியிருக்கிறது. ஏங்க, எம்மேல நாத்தம் அடிக்குதா என்று ராசாங்கத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் கேட்பது. அவனும் ஆரம்பத்தில் பக்கத்தில் வந்து முகர்ந்து பார்த்து, அதெல்லாம் இல்ல தவம் என்றான். பிறகு தூரத்திலிருந்தே இல்ல என்றான். இப்போது கேட்டாலே உயிரை வாங்காத என்கிறான். வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவன். கல்யாணமான புதிதில் அந்த வெங்காய நெடி அவளுக்கு வயிற்றைப் புரட்டும், கிட்டே வராதீங்க என்று விரட்டுவாள், அவனும் பாவம், ராத்திரி வந்ததும் முதல் வேலையாக லைஃப்பாய் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் பாயில் வந்து படுப்பான். விபத்துக்குப் பிறகு ஒருநாள் குளிக்காமல் வந்து படுத்தான். மறுநாளும் குளிக்கவில்லை. இவளுக்குத்தான் தெரியப்போவதில்லையே. அவன் களைப்புக்கு அவன் படுக்கிறான், தப்பு சொல்ல முடியாது, ஆனாலும் அன்றைக்கு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். வெங்காயத்துக்காக அழுத பொம்பளை உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள், உரிக்காமலே.

பக்கத்து அம்மாள் ஒரு தும்மல் போட்டாள். மறுபடி ஒன்று. ஓ, ஜலதோஷம். அதற்குத்தானா தலைப்பு. "உனக்கும் ஒட்டிக்கப் போகுதுன்னுதான் தள்ளி உக்காந்தேன், தப்பா நினைக்காதத்தா. ஒரு வாரமா மூக்கு அடைச்சு ஒரு வாசனையும் தெரியல, சனியன்" என்றாள். தவமணி அவள் முகத்தையே பார்த்தாள். சொல்லிவிடலாமா என்று நினைத்தாள், வேண்டாம், சொன்னால் நொச்சி இலை வரும். கதவு வழியாக உள்ளே தெரிந்தது. பார், தெரிந்தது. ஜட்ஜ் தலை தெரியவில்லை, அவருக்குக் கீழே டைப் அடிக்கிற பெண் தெரிந்தாள், சின்னப் பெண், கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து வேகமாக அடிக்கிறாள். சடையில் மல்லிப்பூ. காலையில் வைத்ததாக இருக்கும், இந்த வெயிலுக்கு இந்நேரம் மொட்டெல்லாம் வாய் திறந்திருக்கும், அந்த ரூம் முழுக்கப் பரவியிருக்கும். கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடிகிறது. மொட்டு, வெயில், மூடின ரூம், ஆக இவ்வளவு வாசனை. பரீட்சையில் விடை எழுதுகிற மாதிரி. அவளுக்கு மல்லி என்றால் முதலில் பூவா வரும், மில்லுதான் வரும். கொத்தமல்லி. டிரம் சுற்றிக்கொண்டே இருக்கும், அடியில் நெருப்பு, மல்லி உள்ளே மழை மாதிரி இரைந்துகொண்டு உருளும். முதலில் பச்சை வாடை, அப்புறம் ஒரு புழுக்கம், அப்புறம் திடீரென்று ஒரு மணம் எழும்பும் பாருங்கள், அப்போது கண்ணை மூடிக்கொண்டு இறக்கு என்று கத்த வேண்டும். கத்துகிறதுதான் அவள் வேலை. கொஞ்சம் முந்தினால் பச்சை, பிந்தினால் கருகல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பழையபடி டிரம் முன்னால் போய் நின்றாள். நிறத்தைப் பார்த்துக் கத்தினாள். இரண்டு தடவை மொத்தமும் கருகிப் போச்சு. முதலாளி கெட்டவர் இல்லை, திட்டக்கூட இல்லை, பாக்கெட்டில் ஸ்டிக்கர் ஒட்டுகிற பக்கம் உட்கார வைத்தார். அங்கேயாவது இருந்திருக்கலாம். கம்பெனி வக்கீலும் போன வாய்தாவில் அதைத்தான் கேட்டார், ஸ்டிக்கர் ஒட்ட மூக்கு எதுக்கும்மா என்று. எதுக்கும் இல்லை. ஆனால் டிரம்மில் எப்போதாவது கருகும்போது ஸ்டிக்கர் ஒட்டுகிற அத்தனை பெண்களும் ஒரே நேரத்தில் தலையை நிமிர்த்துவார்கள், ஐயையோ என்பார்கள். அவள் தலை மட்டும் குனிந்தே இருக்கும். அவர்கள் நிமிர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவள் நிமிர வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் அவள் இறக்கு என்று சொன்னால்தான் அந்த மில்லில் நெருப்பு அடங்கும். அதை எந்த வக்கீலிடம் எந்தக் கூண்டில் நின்று சொல்வது. நின்றுவிட்டாள் வேலையை விட்டு, திமிர் என்றார்கள், ஆமாம் திமிர்தான்.

அந்தத் திமிர்தான் மெடிக்கல் போர்டிலும் வந்து குடியைக் கெடுத்தது. ஜட்ஜ்தான் அனுப்பினார், உங்க பக்கத்து டாக்டர் சர்ட்டிபிகேட்டை கம்பெனி ஒத்துக்க மாட்டேங்குது, போர்டு பார்த்துச் சொல்லட்டும் என்று. சரி என்று போனாள். பெரியாஸ்பத்திரி மாடியில் ஒரு ரூம், மேஜைக்குப் பின்னால் மூன்று டாக்டர்கள். வெளியே கால் இல்லாதவர்களும் கை வராதவர்களும் வரிசையில் நிற்கிறார்கள், இவள் ஒருத்தி இரண்டு காலில் நடந்து இரண்டு கையையும் வீசிக்கொண்டு உள்ளே போகிறாள், அவளுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஒருத்தர் போன் பேசிக்கொண்டிருந்தார். ஒருத்தர் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள், வயதில் சின்னவர், மேஜை மேல் இருந்த கண்ணாடி பாட்டிலைத் திறந்து அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "இது என்ன, தெரியுதா?" என்றார். தெரியுதா என்றுதானே கேட்டார். வாசனை வருதா என்று கேட்டாரா? இல்லையே. பாட்டிலுக்குள் காப்பித்தூள் இருந்தது, பார்த்தாலே தெரிந்தது, சிக்கரி கூடுதலாகப் போட்ட மட்டமான தூள் என்பதுகூடத் தெரிந்தது. "தெரியுதுங்க. காப்பித்தூள்" என்றாள். இது? "தெரியுதுங்க. கிராம்பு." இது? "பெருங்காயம், கட்டிப் பெருங்காயத்தை இடிச்சது." பட்பட்டென்று சொன்னாள். மில்லில் வேலை பார்த்தவளிடம் போய்க் கிராம்பைக் காட்டி இது என்ன என்று கேட்டால் வாய் சும்மா இருக்குமா. ஏதோ இவளுக்குப் பொருள் பேர் தெரியுமா, படிப்பு கிடிப்பு இருக்கா, மண்டையில் அடிபட்டதில் புத்தி தடுமாறுகிறதா என்று பார்க்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டாள். புத்தி தெளிவாக இருக்கிறது என்று காட்ட வேண்டாமா. அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லையே, கரெக்டா சொல்றாங்க" என்றார். அவளும் சிரித்தாள். சிரித்தாளே, ஐயோ, பல்லைக் காட்டிச் சிரித்தாளே. வாசனைப் பரீட்சை இனிமேல்தான் இருக்கும் என்று எழுதுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் எழுதி முடித்துவிட்டு, "அவ்வளவுதாம்மா, போகலாம். அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றார். கதவு வரைக்கும் வந்தபிறகு, சார், மூக்கைப் பார்க்கலையே என்று கேட்கத் திரும்பினாள். போன் பேசிக்கொண்டிருந்தவர் கையை ஆட்டினார், போ போ என்று. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டாள். அடுத்த வாய்தாவில் வக்கீல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். காட்டிய எல்லாவற்றையும் முகர்ந்து சரியாகச் சொன்னார், வாசனை உணர்வு முழுமையாக உள்ளது, ஊனம் எதுவும் இல்லை. முகர்ந்தாளாம். கண்ணால் முகர்ந்தாள். காப்பித்தூளைப் பார்த்துக் காப்பித்தூள் என்று சொன்னதற்குப் பெயர் ஊனம் இல்லை. இப்போது ஊரில் என்ன பேச்சு என்றால், தவமணி காசுக்காக நடிக்கிறாள். மாமியாரே அப்படித்தான் பார்க்கிறாள், நேற்றுக்கூட ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டு இவள் முகத்தைத் திருட்டுப் பார்வை பார்த்தாள்.

காசு கிடக்குது காசு. வரட்டும், வராமல் போகட்டும். இல்லை, வராமல் போனால் கஷ்டம்தான், அதைப் பொய் சொல்வானேன். ஆனால் இந்த ஊனம் எதுவும் இல்லை என்பது இருக்கிறதே, அதைத் தாங்க முடியவில்லை. சின்னவன் தஸ்வினுக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. நியூமராலஜிக்காரன் வைத்த பேர், வாயில் நுழையாத பேர், அவள் தங்கம் என்றுதான் கூப்பிடுவாள். விபத்துக்குப் பிறகு பிறந்தவன். நர்ஸ் துடைத்துத் துணியில் சுற்றி மார்பில் வைத்தாள், இவள் குனிந்து உச்சந்தலையை முகர்ந்தாள். சுடுசுடென்று இருந்தது. ஈரமாக இருந்தது. வேறொன்றும் இல்லை. மூத்தவள் பிறந்தபோது இதே மாதிரி குனிந்தவள் நாள் முழுக்க நிமிரவில்லை. அது என்ன வாசனை. பாலும், நல்லெண்ணெயும், சாம்பிராணியும், அதெல்லாம் பூசினது, அதற்கு அடியில் ஒன்று இருக்குமே, பிள்ளையின் சொந்த வாசனை, அதை ஞாபகத்தில் தேடுகிறாள், வார்த்தைதான் வருகிறது, வாசனை வரவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தாலும் நாலு பேர் கட்டிப்பிடித்து அழுவார்கள். பிள்ளை இருக்கிறான், கொழுகொழுவென்று இருக்கிறான், இதற்கு யார் அழுவார்கள். சொன்னால் கொழுப்பு என்பார்கள். போன ஆடி மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு துணி மடிக்கப் போனாள், பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, கேஸ் போய்க்கொண்டே இருக்கிறது, அந்த ரூமில் தொட்டிலில் தங்கம் தூங்குகிறான். இவள் தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து துணி மடிக்கிறாள். நிம்மதியாக மடிக்கிறாள், அதுதான் கொடுமை, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மடிக்கிறாள். வெளியே போன அடுத்த வீட்டு ஆரோக்கியமேரி அக்காதான் கேஸு கேஸு என்று கத்திக்கொண்டு ஓடிவந்து தொட்டிலோடு பிள்ளையை இழுத்துக்கொண்டு போனாள். இவள் அப்போதும் நிதானமாக, கோர்ட் கேஸா, வாய்தா வந்துருச்சா அக்கா என்று கேட்டாளாம். ஆரோக்கியமேரி அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள், கண்ணில் தண்ணீரோடு சிரிப்பாள். அன்றையிலிருந்து யாராவது வீட்டில் இருந்தால்தான் தவமணி அடுப்பைப் பற்றவைக்கலாம், மாமியார் உத்தரவு. தீப்பெட்டியை மாமியார் இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறாள். நடிக்கிறாள் என்றும் சொல்கிறாள், தீப்பெட்டியையும் தர மாட்டேன் என்கிறாள். இதில் எது, நீங்களே சொல்லுங்கள். இன்றைக்கும் பிள்ளையை அவளிடம்தான் விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"தவமணி! தவமணி! தவமணி!" டவாலி வாசலில் நின்று மூன்று தடவை கத்தினான், அவள் அவன் காலடியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்தா இருக்கேன்யா, எதுக்கு இந்தக் கத்து என்று எழுந்தாள். கால் மரத்திருந்தது, கூண்டில் ஏறும்போது தடுமாறினாள். சொல்வதெல்லாம் சத்தியம் என்று சொல்லச் சொன்னார்கள், சொன்னாள். அமலதாஸ் சார் அவளையே பார்த்தார், ஞாபகம் இருக்கட்டும், ஞாபகமில்லை என்பது ஞாபகம் இருக்கட்டும். கம்பெனி வக்கீல் எழுந்தார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார். "போர்டுல டாக்டர் காப்பித்தூள், கிராம்பு, பெருங்காயம் மூணையும் உங்க மூக்குக்கு நேரா நீட்டினாரா?" நீட்டினாருங்க. "என்னன்னு தெரியுதான்னு கேட்டாரா?" கேட்டாருங்க. "தெரியுதுன்னு நீங்க சொன்னீங்களா இல்லையா?" அமலதாஸ் சார் இருமினார். சொல்லவில்லை என்று ஒரே போடு. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சத்தியம் அந்தப் பக்கம் கிடக்கட்டும், சாமி மன்னித்துக்கொள்ளும். ஆனால் ஏற்கெனவே நடிக்கிறாள் என்கிறார்கள், இப்போது மெய்யாகவே ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அப்புறம் மாமியார் முகத்தில் எப்படி முழிப்பது, ஊதுபத்தி கொளுத்திப் பார்த்தது சரியென்று ஆகிவிடாதா. "சொன்னேன்" என்றாள். "அவ்வளவுதான் யுவர் ஆனர்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். அமலதாஸ் சார் பேனாவை மூடினார். ஜட்ஜ் தலை குனிந்தபடியே இங்கிலீஷில் மெதுவாகச் சொல்லச் சொல்ல அந்த டைப் அடிக்கிற பெண் தட்டினாள், தடதடவென்று. போன வாய்தாவிலும் இப்படித்தான், அவள் சொன்னது ஒரு பாஷையில் உள்ளே போய் இன்னொரு பாஷையில் வெளியே வரும், அவள் சரி என்று தலையை ஆட்டுவாள். இன்றைக்கும் பாதி ஆட்டிவிட்டாள். அப்போது அந்த இங்கிலீஷுக்கு நடுவில் ஒரு வார்த்தை காதில் விழுந்தது. ஸ்மெல். சோப்பு விளம்பரத்தில் வருகிற ஸ்மெல். "ஸ்மெல் இல்லீங்கய்யா!" என்று கத்திவிட்டாள். அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. டைப் சத்தம் நின்றது. "ஸ்மெல்லுன்னு எழுதாதீங்கய்யா. நான் அப்படிச் சொல்லவே இல்ல. தெரியுதுன்னுதான் சொன்னேன். கண்ணாடி பாட்டில்யா அது, உள்ள இருக்கிறது தெரியாதா? தெரியுதான்னு கேட்டாரு, தெரியுதுன்னேன். வருதான்னு ஒருத்தரும் கேக்கலையே, கேட்டா வரலைன்னு சொல்லியிருப்பேனே!" அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

ஜட்ஜ் இப்போதுதான் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணை மூடச் சொல்லலையாம்மா அவங்க?" "இல்லீங்கய்யா." அவர் ரிப்போர்ட்டை எடுத்து முன்னும் பின்னும் புரட்டினார். கம்பெனி வக்கீல் எழுந்து இங்கிலீஷில் படபடவென்று என்னவோ சொன்னார், போர்டு, எக்ஸ்பர்ட், போர்டு என்று திரும்பத் திரும்ப வந்தது. ஜட்ஜ் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். "கொஞ்சம் கண்ணை மூடிக்குங்கம்மா. நான் சொல்ற வரைக்கும் திறக்காதீங்க" என்றார்.

மூடினாள். இருட்டில் ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்டது. காப்பித்தூள் வாங்கிவர ஆள் அனுப்புவார்கள் போல, கோர்ட் கேண்டீனில் இருக்கும், இல்லை, காப்பியையே கொண்டுவருவார்களோ. காப்பி வந்தால் சூடு முகத்தில் அடிக்கும், அதை வைத்துச் சொல்லிவிடலாம், ச்சீ, எதற்குச் சொல்ல வேண்டும், புத்தி இன்னும் பரீட்சைக்குப் படிக்கிறது பார். வராது என்று தெரியும். ஆனாலும் அவளையும் அறியாமல் மூக்கு விடைத்துக்கொண்டது, முழு மூச்சையும் உள்ளே இழுத்தாள், நெஞ்சு முட்ட இழுத்தாள். வா. ஒரே ஒரு தடவை வா. இத்தனை பேர் முன்னால் வந்து என்னைப் பொய்க்காரி ஆக்கினாலும் பரவாயில்லை, கேஸ் போகட்டும், கம்பெனிக்காரன் ஜெயித்துச் சிரித்துக்கொண்டு போகட்டும், இங்கிருந்து நேரே ஓடிப்போய்த் தங்கத்தின் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொள்கிறேன், அது போதும், வாடா. இழுத்தாள். காற்று வந்தது. வெறும் காற்று, சில்லென்று, உள்ளே போனது, வெளியே வந்தது. எங்கேயோ கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது, நின்றது. யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். எவ்வளவு நேரம் இப்படி நிற்பது. அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்களா, இவளை மறந்துவிட்டு எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்களா, கண்ணை மூடிக்கொண்டு கூண்டில் நிற்கிற பைத்தியக்காரி மாதிரி. அனுப்பின ஆள் எங்கே போய்த் தொலைந்தான். கேண்டீன் என்ன கடலுக்கு அந்தப் பக்கமா இருக்கிறது. காத்திருக்க வைக்கிறதே தொழிலாகப் போச்சு இவர்களுக்கு, மூன்று வருஷம் வெளியே, இப்போது உள்ளேயும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கண்ணைத் திறக்காமலே, "எப்பங்கய்யா கொண்டு வருவீங்க?" என்றாள்.

ஜட்ஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "திறங்கம்மா" என்றார்.

திறந்தாள். மூக்குத்திக்கு ஒரு விரல்கடை தூரத்தில் வெள்ளையாக இருந்தது. அந்த டைப் அடிக்கிற பெண் சடையிலிருந்து கழற்றின பூச்சரத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள், மொட்டெல்லாம் நன்றாக வாய் திறந்திருந்தன. நெடுநேரமாக நிற்கிறாள் போல.

தவமணி பூவைப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், ஜட்ஜைப் பார்த்தாள்.

"இப்பத் தெரியுதுங்கய்யா" என்றாள். "மல்லி."